பழைய தட்டும் புதிய பொறியும்

சென்ற மாதம் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, வெள்ளவத்தையில் வசிக்கும் ஓர் ஆசிரியை எழுதியது. கடிதத்தோடு ஒரு நிழற்படமும் இருந்தது. பழைய பிஸ்கற் தகரப் பெட்டி ஒன்று. அதனுள்ளே கறுப்பு நிறப் பிளொப்பித் தட்டுகள் எட்டு. அவற்றின்மேல் ஒரு சிறு கைந்நூல். அப்பெட்டி அவருடைய தமையனாருக்கு உரியது. தமையனார் 1993ஆம் ஆண்டிலே தம் சம்பளப் பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு கணினி வாங்கினார். 1996ஆம் ஆண்டு, தமது 27ஆவது வயதில், நோயுற்றுக் காலமானார். கணினியை விற்றுவிட்டார்கள். தம் கோப்புகளையெல்லாம் பிளொப்பியிற் பிரதி செய்து வைக்கும் வழக்கம் அவருக்கு இருந்தமையால், இந்தத் தகரப் பெட்டி மாத்திரம் மேசை லாச்சியில் எஞ்சிற்று.

ஆசிரியை எழுதியதன் சாரம் இதுவே: “இத்தட்டுகளில் ஒன்றிலே அண்ணா இரவிரவாக ஆடிய விளையாட்டு இருக்கிறது. வென்றவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று அதில் வரும். அண்ணாவின் பெயர் அதில் இருந்தது எனக்கு நன்றாக நினைவு. என் மகன் ஒரு நண்பனிடம் பிளொப்பி வாசிக்கும் கருவியைக் கடன் வாங்கி, தன் மடிக்கணினியிற் பூட்டிப் பார்த்தான். இது இயங்காது என்று கணினி சொல்லிவிட்டது. குப்பையிற் போடலாம் என்கிறான். அம்மாவுக்கு 84 வயது. அண்ணாவின் பெயர் இருக்கும் பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டுமென்கிறார். போடலாமா, வைத்திருக்கலாமா?”

“போடவேண்டாம்” என்று அன்றைக்கே மறுமொழி எழுதினோம். ஆனால், போடவேண்டாம் என்று சொல்லிவிட்டால் மட்டும் எம் கடமை தீர்ந்துவிடாது. எப்படி இயக்குவது என்பதையும் கூறவேண்டுமல்லவா? இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் லாச்சிக்குள் உறங்கிக் கிடக்கும் என்று நம்புகிறோம். ஆதலால் இவ்வாரம் அதனையே பொருளாக எடுத்துக்கொள்கிறோம்.

முதலில், புதிய கணினி ஏன் மறுக்கிறது? நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு வலிமை மிக்க பொறி, முப்பது வருடத்துக்கு முந்திய ஒரு சிறு விளையாட்டைச் சுமக்க இயலாமற் போவது விந்தையாகவே தோன்றும். இதிலே வலிமைக்குறைவு எதுவும் இல்லை. பழக்கவழக்கம் மாறிவிட்டது என்பதே உண்மை.

ஐ.பி.எம். நிறுவனத்தார் தங்கள் ‘பேர்சனல் கொம்பியூட்டர்’ என்னும் பொறியை 1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் வெளியிட்டார்கள். அதனுள்ளே இருந்தது இன்டெல் நிறுவனத்தின் 8088 என்னும் புரொசெசர். அதன் வேகம் 4.77 மெகாஹேர்ட்ஸ். அப்பொறியை நடத்துவதற்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்த பணிசெயல் முறைமையே டொஸ் எனப்படுவது. டொஸ் காலத்திலே ஒரு நேரத்தில் ஒரு நிரலே இயங்கும். அந்நிரல் முழுப் பொறிக்கும் எசமான். திரையிலே ஒரு புள்ளி வேண்டுமானால் திரைக்குரிய நினைவகத்திலே தானே நேராக எழுதும். ஒலி வேண்டுமானால் ஒலி அட்டையைத் தானே தட்டும். கடிகாரத்தையும் தன் விருப்பம்போல் முடுக்கும். தனி வளவுக்குள் ஒரே குடும்பம் வாழ்ந்தது போன்ற நிலை அது. கிணறும் அவர்களுடையது, படலையும் அவர்களுடையது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இன்றைய விண்டோஸோ தொடர்மாடி வீட்டைப் போன்றது. ஒரே கூரையின் கீழ் நூறு நிரல்கள் குடியிருக்கின்றன. தண்ணீர்க் குழாயையோ மின்கம்பியையோ ஒரு குடித்தனக்காரர் தம் இஷ்டப்படி திருக இயலாது. எல்லாம் காவலாளி மூலமே நடைபெற வேண்டும். வளவு வீட்டிலிருந்து வந்த முதியவர் நேரே சென்று குழாயைத் திருகப் போனால் காவலாளி கையைப் பிடிப்பார் அல்லவா? பழைய விளையாட்டுக்கு நேர்வதும் அதுவே.

ஆயினும் நெடுங்காலம் மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் இம்முதியவருக்கென ஓர் அறையை ஒதுக்கியே வைத்திருந்தார்கள். 1995ஆம், 1998ஆம் ஆண்டுகளில் வந்த விண்டோஸ் பதிப்புகளின் அடியிலே டொஸ் இருந்துகொண்டே இருந்தது. 2001ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் எக்ஸ்பீ, 1993இல் தொடங்கிய என்.டி. என்னும் வேறொரு பரம்பரையைச் சேர்ந்தது. அதிலும் டொஸ் நிரல்களுக்காக ஓர் உள்வீடு இருந்தது. ஒலி சரியாக வராது, சில விளையாட்டுகள் இடையில் நின்றுவிடும் என்றாலும் பல ஓடின. இவ்வுள்வீட்டுக்கு அடிப்படையாக இருந்தது, 1985ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் 386 புரொசெசரில் அமைக்கப்பட்ட ஒரு வசதி: பழைய 8086 வகைப் பொறியைப் போல ஒரு பகுதியை மாத்திரம் நடந்துகொள்ளச் செய்யும் வசதி.

2003ஆம் ஆண்டு ஏ.எம்.டி. நிறுவனத்தார் 64 பிற் புரொசெசர்களைக் கொண்டுவந்தபோது, அப்பொறி 64 பிற் நிலையில் ஓடும் வேளையில் அந்தப் பழைய வசதி கிடையாது என்று வகுத்துவிட்டார்கள். அதனால் 64 பிற் விண்டோஸ் எதிலும் அந்த உள்வீடு இடம்பெறவில்லை. டொஸ் நிரல்களோ 16 பிற் காலத்தைச் சேர்ந்தவை. 32 பிற் விண்டோஸ் வைத்திருந்தோர்க்கு மாத்திரம் வழி சிறிது திறந்திருந்தது. 2021ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் 11, 64 பிற் வடிவிலே மட்டும் வெளியானபோது அவ்வழியும் அடைபட்டது. ஆசிரியையின் மகனிடம் கணினி “இயங்காது” என்று கூறியதன் வரலாறு இவ்வளவே. தட்டு பழுதென்றோ விளையாட்டு பழுதென்றோ கணினி சொல்லவில்லை. ‘இவருடைய மொழியைப் பேச இங்கே இப்போது ஆளில்லை’ என்றுதான் சொல்லிற்று.

அப்படியாயின் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அமர்த்திக்கொள்வதே பரிகாரம். அம்மொழிபெயர்ப்பாளரின் பெயர் டொஸ்பொக்ஸ். 2002ஆம் ஆண்டு முதல், ஆர்வலர்கள் சிலர் ஊதியமின்றி எழுதி வளர்த்துவரும் இலவச மென்பொருள் இது. அது புதிய கணினியினுள்ளே ஒரு பழைய கணினியைப் போல நடிக்கிறது. பழைய புரொசெசர், பழைய திரை அட்டை, பழைய ஒலி அட்டை, டொஸ் ஆகிய யாவற்றின் வேடத்தையும் தானே பூணுகிறது. உள்ளே ஓடும் விளையாட்டுத் தான் 1990ஆம் ஆண்டிலேயே இருப்பதாக எண்ணிக்கொண்டு ஓடும். அதன் கட்டளைகளை டொஸ்பொக்ஸ் ஒவ்வொன்றாக வாங்கி, விண்டோஸுக்கு விளங்கும் முறையில் நிறைவேற்றிவைக்கும். விண்டோஸில் மட்டுமன்றி மக், லினக்ஸ் கணினிகளிலும் இது இயங்கும். இதிலிருந்து கிளைத்த டொஸ்பொக்ஸ் ஸ்டேஜிங், டொஸ்பொக்ஸ் எக்ஸ் என்னும் பதிப்புகளும் உள்ளன.

இனிச் செயல்முறைக்கு வருவோம். கணினியைத் தொடுமுன் தட்டைக் கவனிக்க வேண்டும். எமது நாட்டின் ஈரக் காற்றிலே பிளொப்பித் தட்டுகளுக்குப் பூஞ்சணம் பிடிப்பது இயல்பு. உலோக மூடியை மெல்ல ஒதுக்கி வெளிச்சத்திற் பாருங்கள். உள்ளே வெண்புள்ளிகளோ படலமோ தென்பட்டால் அத்தட்டை வாசிப்பானுக்குள் இடவேண்டாம். தட்டும் கெடும், வாசிக்கும் தலையும் அழுக்காகி அடுத்த தட்டையும் கெடுக்கும். தட்டின் மூலையில் ஒரு சிறு தள்ளுபட்டி உண்டு. துவாரம் திறந்து தெரியும்படி அதனைத் தள்ளிவிட்டால் எவரும் தட்டில் எதையும் எழுதவோ அழிக்கவோ இயலாது. இதனை முதலிற் செய்யுங்கள். தட்டை இட்டதும் ‘இதனை ஃபோர்மற் செய்யவேண்டும், செய்யட்டுமா?’ என்று விண்டோஸ் கேட்டால், ஒருபோதும் ஆம் என்று சொல்லவேண்டாம். அந்த ஒரு சொல்லினால் உள்ளே இருப்பது இழக்கப்படும்.

மூன்றரை அங்குலத் தட்டுகளுக்குரிய யூ.எஸ்.பி. வாசிப்பான்கள் இன்றும் கிடைக்கின்றன. ஐந்தேகால் அங்குலத் தட்டுகளை அவற்றால் வாசிக்க முடியாது. அவற்றுக்குப் பழைய வாசிப்பானும் தனி இணைப்பும் தேவைப்படும். தட்டு வாசிக்கப்பட்டதாயின், உள்ளவற்றையெல்லாம் வன்தட்டுக்கு ஒருமுறை பிரதி செய்துகொண்டு, மூலத்தட்டை உலர்ந்த இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். இனிமேல் ஆட்டமெல்லாம் பிரதியோடுதான்.

பிரதியை வைப்பதற்கு, வன்தட்டிலே ‘கேம்ஸ்’ என்று ஆங்கில எழுத்திற் பெயரிட்ட ஒரு கோப்புறையை அமையுங்கள். அதனுள் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு கோப்புறை. பெயர்கள் எட்டு எழுத்துக்கு மேற்போகாமலும் இடைவெளியின்றியும் இருக்கட்டும். டொஸ் அதற்கு மேல் அறியாது. பின்னர் டொஸ்பொக்ஸைத் திறந்தால் ஒரு கறுப்புத் திரை தோன்றும். சிறுவர்கள் இதைக் கண்டு திகைப்பார்கள். அவர்களுடைய பெற்றோர் புன்னகை செய்வார்கள். அத்திரையில் ஆங்கிலத்திலே ‘மவுண்ட்’ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ‘சீ’ எழுத்தை எழுதி, மீண்டும் இடைவெளி விட்டு, அந்தக் கேம்ஸ் கோப்புறையின் முழு முகவரியை எழுதி, என்ரர் விசையை அழுத்த வேண்டும். ‘இக்கோப்புறையே இனி உன் வன்தட்டு’ என்று டொஸ்பொக்ஸுக்குச் சொல்வதே இதன் பொருள். அடுத்து, ‘சீ’ எழுத்தையும் முக்காற்புள்ளியையும் இட்டு என்ரர். பின்பு ‘சீ டி’ என்னும் ஈரெழுத்தும் இடைவெளியும் விளையாட்டுக் கோப்புறையின் பெயரும். உள்ளே என்னென்ன உண்டு என்றறிய ‘டிர்’ என்னும் கட்டளை. பெயரின் முடிவில் ஈ.எக்ஸ்.ஈ., சி.ஓ.எம்., பி.ஏ.ரி. என்னும் எழுத்துகளுள் ஒரு தொகுதி காணப்படுபவையே இயக்கத்தக்கவை. அப்பெயரை எழுதி என்ரரை அழுத்தினால் விளையாட்டுத் தொடங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சோம்பலினால், கேம்ஸ் கோப்புறைக்குப் பதிலாக விண்டோஸ் இருக்கும் வன்தட்டு முழுவதையும் ‘மவுண்ட்’ செய்துவிட வேண்டாம். உள்ளே ஓடும் பழைய நிரல் ஒன்று தவறாக எதையாவது அழிக்குமாயின் உங்கள் கோப்புகளும் உடன் அழியலாம். முதியவருக்கு ஓர் அறையைக் கொடுங்கள். வீட்டுத் திறப்புக்கொத்து முழுவதையும் கொடுக்க வேண்டாம்.

திரை முழுவதையும் நிரப்ப ‘ஒல்ட்’ விசையோடு என்ரர். சுட்டி உள்ளே சிக்கிக்கொண்டால் ‘கொன்ட்ரோல்’ விசையோடு எப் 10. விளையாட்டு உறைந்து போனால் கொன்ட்ரோலோடு எப் 9. அது டொஸ்பொக்ஸையே மூடிவிடும். ஒவ்வொரு முறையும் இக்கட்டளைகளை எழுதச் சலிப்பாயின், டொஸ்பொக்ஸின் அமைப்புக் கோப்பின் இறுதிப் பகுதியில் இவற்றை ஒருமுறை எழுதி வைத்தாற் போதும். பின்னர்த் தானாகவே நடக்கும்.

வேகத்தைப் பற்றியும் கூறவேண்டும். பழைய விளையாட்டுகளுட் சில, கடிகாரத்தைப் பாராமல், பொறி எவ்வளவு விரைவாக ஓடுகிறதோ அவ்வளவு விரைவாகத் தாமும் ஓடுமாறு எழுதப்பட்டவை. 1990ஆம் ஆண்டு வந்த ‘விங் கொமாண்டர்’ என்னும் விண்வெளிப் போர் விளையாட்டு வேகமான கணினிகளில் ஆட முடியாதபடி விரைந்தோடியது பலருக்கு நினைவிருக்கும். டேர்போ பஸ்கால் மொழியிலே எழுதப்பட்ட நிரல்கள் பல, தொடக்கத்திலேயே பொறியின் வேகத்தை அளந்து பார்க்கும். பொறி எதிர்பார்த்ததற்கு மேல் வேகமாயிருந்தால் வகுத்தற் கணக்கிலே தடுமாறி, 200ஆம் இலக்கப் பிழை என்று அறிவித்து நின்றுவிடும். மிகை வேகமே குற்றமாய் முடிந்த கதை அது! டொஸ்பொக்ஸிலே கொன்ட்ரோலோடு எப் 11ஐ அழுத்த வேகம் குறையும்; எப் 12ஐ அழுத்தக் கூடும். விளையாட்டு ஓடும்போதே இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒலி வராவிடின், விளையாட்டோடு வந்த ‘செற்றப்’ நிரலை டொஸ்பொக்ஸினுள்ளே இயக்குங்கள். அது ஒலி அட்டையின் பெயரைக் கேட்கும். சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் நிறுவனத்தின் ‘சவுண்ட் பிளாஸ்ரர்’ என்பதைத் தெரிவு செய்து, முகவரி 220, குறுக்கீட்டு இலக்கம் 7, டி.எம்.ஏ. 1 என்று கொடுங்கள். டொஸ்பொக்ஸ் பூணும் வேடம் அதுவே.

இனி அந்த ஆசிரியையின் பெட்டியில் இருந்த கைந்நூலுக்கு வருவோம். தமையனார் ஆடிய விளையாட்டு ‘பிரின்ஸ் ஒவ் பேர்சியா’. பாரசீக இளவரசன் என்று தமிழிற் கூறலாம். அமைச்சன் ஒருவன் சூழ்ச்சியினால் இளவரசியைச் சிறைவைக்கிறான். நிலவறையில் அடைபட்ட வீரன், முட்களையும் வாள்வீரரையும் கடந்து, 60 நிமிடத்துக்குள் அவளை மீட்க வேண்டும். இவ்விளையாட்டின் ஆரம்பக் கட்டங்களிலேயே ஓர் அறை வரும்; அதில் எழுத்துகள் பொறித்த குடுவைகள் பல இருக்கும். கைந்நூலின் இத்தனையாம் பக்கத்தில், இத்தனையாம் வரியில், இத்தனையாம் சொல்லின் முதலெழுத்து எதுவோ அக்குடுவையைப் பருகு என்று விளையாட்டுக் கூறும். பிழையான குடுவையைப் பருகினால் வீரனுக்குத் தீங்கு நேரும். திருட்டுப் பிரதியைத் தடுப்பதற்காக அமைத்த பூட்டு இது. தட்டைக் காத்து நூலை எறிந்தவர் வாசலிலேயே நின்றுவிடுவார். ஆகவே, பழைய பெட்டிகளில் உள்ள கைந்நூல், கடதாசித்துண்டு யாவற்றையும் தட்டோடு சேர்த்தே காப்பாற்றுங்கள்.

இவ்விளையாட்டு உருவான கதையும் அறியத்தக்கது. இதனை ஆக்கியவர் ஜோர்டன் மெக்னர் என்னும் அமெரிக்கர். 1985ஆம் ஆண்டிலே, அவர் தம் இளைய சகோதரர் டேவிட்டை ஒரு வாகனத் தரிப்பிடத்துக்கு அழைத்துச் சென்று, ஓடும்படியும் குதிக்கும்படியும் தாவித் தொங்கும்படியும் சொல்லி ஒளிப்பதிவு செய்தார். பின்னர் அப்பதிவைச் சட்டம் சட்டமாக நிறுத்தி, ஒவ்வொரு நிலையையும் கணினிக்கு வரைந்தெடுத்தார். அதனாலேதான் அவ்வீரன் உண்மை மனிதனைப் போலவே தயங்கி, கால் ஊன்றி, மூச்சுவாங்கி ஓடுகிறான். இசையை அமைத்தவர் அவர்களுடைய தந்தையார் பிரான்சிஸ் மெக்னர். 1989ஆம் ஆண்டு அப்பிள் 2 கணினிக்கும், 1990ஆம் ஆண்டு டொஸுக்கும் விளையாட்டு வெளிவந்தது.

காலப்போக்கில், அப்பிள் கணினிக்கு ஜோர்டன் எழுதிய மூல நிரல் எங்கே போயிற்றென்று அவருக்கே தெரியாமற் போயிற்று. 2012ஆம் ஆண்டிலே, அவருடைய தந்தையார் வீட்டு அலுமாரி ஒன்றின் உள்ளே பழைய பெட்டியொன்றைக் கண்டெடுத்து அனுப்பினார். அதனுள்ளே மூன்றரை அங்குலப் பிளொப்பிகள். பழம்பொறிகளிலே தேர்ந்த இருவர் தம் கருவிகளோடு வந்து உதவ, இருபது வருடங்களுக்கு மேற்பட்ட அத்தட்டுகளிலிருந்து நிரல் முழுவதும் மீட்கப்பட்டது. எவரும் பார்த்துக் கற்கும்படி ஜோர்டன் அதனை உலகத்துக்கே வெளியிட்டுவிட்டார். புகழ்பெற்ற ஒருவரின் உழைப்பையும் காத்தது ஒரு தகப்பனாரின் அலுமாரிதான் என்பதை நேயர்கள் மனங்கொள்ள வேண்டும்.

கடிதத்துக்கு மறுமொழி எழுதியதோடு நில்லாது, ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவ்வில்லத்துக்கு நாமே சென்றிருந்தோம். எட்டுத் தட்டுகளில் மூன்றைப் பூஞ்சணம் தின்றிருந்தது. இரண்டு வாசிக்கப்படவில்லை. மூன்று நலமாயிருந்தன. அம்மூன்றில் ஒன்றின் மேலே ‘பிரின்ஸ்’ என்று பென்சிலால் எழுதியிருந்தது. குப்பையிற் போடலாம் என்ற மகனையே விசைப்பலகையின் முன் இருத்தினோம். “தம்பி, நீரே செய்யும், நாம் சொல்லித் தருகிறோம்” என்றோம். மேலே எழுதிய ஒழுங்கிலே அவர் ஒவ்வொரு கட்டளையையும் தட்டினார். ஒருமுறை எழுத்துப் பிழைத்தது, மறுமுறை சரியாயிற்று. திரையில் அரண்மனைக் கோபுரங்கள் தோன்றின. இசை ஒலித்ததும் உள்ளறையில் இருந்த முதிய தாயார் எழுந்து வந்து கதிரையில் அமர்ந்தார். “இந்தச் சத்தந்தான். விடியுமட்டும் இந்தச் சத்தந்தான்” என்றார்.

முகப்புக் காட்சிகள் முடிந்தபின் வென்றோர் பட்டியல் வந்தது. விளையாட்டு இப்பட்டியலை ஒரு தனிக் கோப்பிலே எழுதி வைப்பது வழக்கம். தமையனார் பிரதி செய்தபோது அக்கோப்பும் கூடவே வந்திருந்தது. மூன்று வரிகள். மூன்றும் ஒரே பெயர். பள்ளிக்கூடப் பெயரன்று, வீட்டார் மாத்திரம் அழைக்கும் செல்லப் பெயர், ஆங்கில எழுத்துகளில். ஒவ்வொன்றின் எதிரிலும் ஓர் எண். முதல் வரியில் ஒன்பது நிமிடங்கள் சொச்சம்.

“அந்த எண் என்ன, ஐயா?” என்று தாயார் கேட்டார். “ஒரு மணி நேரத்தில் அவர் முடித்த பிறகு மிஞ்சியிருந்த நேரம், அம்மா” என்றோம். தாயார் சிறிது பொழுது திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவனுக்கு மிச்சம் இருந்ததா?” என்று கேட்டார். எவரும் மறுமொழி கூறவில்லை. பிறகு பேரனைப் பார்த்து, “நீ விளையாடு, நான் பார்க்கிறேன்” என்றார்.

பேரன் முதல் முள்ளிலேயே வீழ்ந்தான். இரண்டாம் முறையும் வீழ்ந்தான். “மாமா எப்படித்தான் முடித்தாரோ!” என்று அவன் சொன்னபோது, ஒருபோதும் காணாத மாமாவை அவன் முதன்முறையாக வியந்ததை நாம் கண்டோம். நாம் விடைபெறும் வேளையில் அவன் குடுவை அறையை அடைந்திருந்தான். அம்மம்மா கைந்நூலைப் பிரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வரி எண்ணிக்கொண்டிருந்தார்.

தட்டுகள் எவையும் வீட்டில் இல்லாதோர் என் செய்வது? பழையது என்பதனால் ஒரு விளையாட்டு உரிமையாளர் அற்றதாகிவிடாது. விற்பனை நின்றாலும் பதிப்புரிமை நிற்பதில்லை. ஆதலால் கண்ட இடத்தில் இறக்கிக்கொள்வது முறையன்று. கிருமி நிரல்களின் அபாயமும் உண்டு. 2008ஆம் ஆண்டு முதல் போலந்து நாட்டின் ஜி.ஓ.ஜி. என்னும் விற்பனை நிலையம் பல பழைய விளையாட்டுகளை டொஸ்பொக்ஸோடு பொருத்தியே விற்கிறது. வாங்கியவர் ஒரு கட்டளையும் எழுத வேண்டியதில்லை. அமெரிக்காவின் இன்ரநெற் ஆர்க்கைவ் என்னும் இணைய நூலகமும் 2015ஆம் ஆண்டிலே சுமார் 2,400 டொஸ் விளையாட்டுகளை இணைய உலாவியிலேயே இயங்கும்படி வைத்தது. ‘டூம்’ விளையாட்டை 1993இல் வெளியிட்ட ஐடி நிறுவனத்தார், 1997இல் அதன் மூல நிரலைத் தாமே வெளியிட்டார்கள். கற்கும் மாணவர்க்கு அது ஒரு பாடநூல்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இவ்விளையாட்டுகள் ஓடிய பொறியில் நிரலுக்கென இருந்த நினைவகம் 640 கிலோபைற். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமே அதனினும் பெரிது. அத்துணைச் சிறிய இடத்துள் அரண்மனையும் வாட்போரும் இசையும் அடங்கியது எவ்வாறு என்று ஆராய்ந்து பார்ப்பீர்களாயின், எந்த வகுப்பிலும் கிட்டாத பயிற்சி கிட்டும்.

எமது முன்னோர் ஏட்டுச்சுவடிகளை எப்படிக் காத்தார்கள்? ஏடு செல்லரிக்குமுன் புதிய ஏட்டில் எழுதிக்கொண்டார்கள். அச்சு வந்தபோது, யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் கிடைத்த ஏடுகளைத் தேடித் திரட்டி அச்சேற்றினார்கள். 1887ஆம் ஆண்டு கலித்தொகை அவ்வாறே அச்சில் வந்தது. பிரதி செய்யத் தவறிய வீட்டில் ஏடு மண்ணாயிற்று. பிளொப்பியும் ஓர் ஏடுதான். அதன் ஆயுள் பனையோலையின் ஆயுளிலும் குறைவு. அதிலே விளையாட்டு மட்டுமா இருக்கிறது? தந்தையார் தட்டெழுதிய கடிதம் இருக்கலாம். தமக்கையின் முதற் கட்டுரை இருக்கலாம். திறந்து பார்க்கும்வரை எவர் அறிவார்?

வெள்ளவத்தை இல்லத்திலே எட்டில் ஐந்து போய்விட்டன. அவற்றில் என்ன இருந்தது என்பதை இனி எவராலும் கூற இயலாது. ஐந்தாண்டு முந்தித் திறந்திருந்தால் ஒருவேளை கூறியிருக்கலாம். ஆகவே நேயர்களே, உங்கள் லாச்சியிலும் அப்படியொரு பெட்டி இருக்குமாயின், இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லாரும் இருப்பீர்கள். இன்றைக்கே அதனை வெளியில் எடுங்கள்.